விஸா என்னும் வேலி

அயல்நாடு செல்ல விரும்பும் நம் நாட்டார் ஒவ்வொருவரும் இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. முதல் வாயில் நம்முடைய சர்க்காரின் வசத்திலிருக்கிறது. அதன் சாவிக்குப் பாஸ்போர்ட் என்று பெயர். இரண்டாம் வாயில் அந்நிய சர்க்காரின் வசத்திலிருக்கிறது; அதன் சாவிக்கு விஸா என்று பெயர். முதல் வாயிலைப்பற்றி நம் நியாய ஸ்தலங்கள் நீண்ட விசாரணை நடத்தி, அதைக் கடப்பது பிரஜையின் உரிமையென்று தீர்மானித்துவிட்டன. இரண்டாம் வாயிலிலோ நம்மவர் உரிமை ஏதுமின்றி, கையில் ஒரு கட்டுக் காகிதங்களுடன், பிறர் தயவை எதிர்நோக்கி நிற்கின்றனர். இவ்விரண்டாம் வாயிலைப்பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

அங்கே நிற்போர் யாவர்? மகளின் பிரசவ காலத்தில் உடனிருந்து பத்தியம் சமைத்துப் போட விரும்பும் தாய். சர்வகலாசாலையில் இடம் கிடைத்த மாணவன். துணிக்கு விலை பேசப் புறப்படும் திருப்பூர் வியாபாரி. அயல்நாட்டுச் சபையொன்று கச்சேரிக்கு அழைத்த வித்வான். நோயுற்ற தமையனைக் கண்ணால் ஒருமுறை கண்டு வரவேண்டுமென்று தவிக்கும் தம்பி. இவர்கள் எவரும் குற்றம் செய்தவரல்லர். எனினும், சென்னை மவுண்ட் ரோடில் மேம்பாலத்தருகேயுள்ள அமெரிக்கக் கான்ஸலேட்டின் முன் வரிசையில் நிற்போரின் முகங்களைப் பார்ப்பவருக்கு, கோர்ட்டு வராந்தாவில் தீர்ப்புக்குக் காத்திருப்போரின் முகங்களே நினைவுக்கு வரும்.

ஹைதராபாத் நகருக்கு அருகே சில்கூரில் ஒரு பாலாஜி ஆலயம் இருக்கிறது. பக்தர்கள் அங்கே பதினொரு பிரதக்ஷிணம் செய்து வேண்டிக்கொள்கிறார்கள். எண்ணியது கைகூடினால் மறுபடி வந்து 108 பிரதக்ஷிணம் செய்கிறார்கள். அவர்களில் விஸா கோருவோர் மிகுதியாதலால் சுவாமிக்கே ‘விஸா பாலாஜி’ என்ற பெயர் வழங்கலாயிற்று. படித்த சிலர் இதைக் கேட்டு நகைக்கின்றனர். நாம் நகைக்க மாட்டோம். காரணம் கூறக் கடமைப்படாத அதிகாரத்தின் முன் நிற்கும் மனிதன் தெய்வத்தை நாடாமல் வேறு யாரை நாடுவான்? சட்டப் புத்தகத்தில் வழி இருந்தால் வக்கீலிடம் போவான். அங்கே வழியில்லாமையால் கோயிலைச் சுற்றுகிறான்.

முதல் வாயிலின் கதையை முதலில் சொல்லுவோம். பாஸ்போர்ட் தருவதும் தராததும் சர்க்காரின் சித்தம் என்பதே நெடுங்காலம் நம் அதிகாரிகளின் கொள்கையாக இருந்தது. 1967-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ஸத்வந்த் ஸிங் ஸாஹ்னி என்பவரின் வழக்கில், பிரதம நீதிபதி சுப்பா ராவ் தலைமையில் அமர்ந்த ஸுப்ரீம் கோர்ட்டு, வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ம் ஷரத்து காக்கும் தேக சுதந்திரத்தில் அடங்கியதேயென்று தீர்ப்பளித்தது. பாஸ்போர்ட்டுச் சட்டம் அதன் பின்னரே, அவ்வருஷத்திலேயே பிறந்தது. 1977-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைச் சர்க்கார் பறிமுதல் செய்து, காரணத்தைச் சொல்ல மறுத்தபோது, விஷயம் மீண்டும் அதே நியாய ஸ்தலத்துக்குச் சென்றது. எந்த முறையும் நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவரின் சொல்லைக் கேட்க வேண்டும் என்று 1978 ஜனவரி 25-ந் தேதி பிறந்த தீர்ப்பு, இந்திய சட்ட சரித்திரத்தில் ஒரு மைல்கல்லாக நிற்கிறது.

உலக அபிப்பிராயமும் இம்மட்டுக்கு இசைந்ததே. ஐக்கிய நாடுகள் சபை 1948 டிஸம்பர் 10-ந் தேதி வெளியிட்ட மானிட உரிமைப் பிரகடனத்தின் 13-ம் ஷரத்து, தன் நாடு உள்பட எந்த நாட்டிலிருந்தும் வெளியேறவும், தன் நாட்டுக்குத் திரும்பி வரவும் ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு என்று கூறுகிறது. ஆனால் மற்றொரு நாட்டினுள் புகுவதைப்பற்றி அந்த ஷரத்து மௌனம் சாதிக்கிறது. வீட்டைவிட்டு வெளியேற உரிமை உண்டு. எந்த வீட்டினுள்ளும் நுழைய உரிமை இல்லை! அப்படியாயின் வெளியேறியவன் நிற்குமிடம் எது? தெரு ஒன்றுதான். இத்தெருவில் நிற்கும் நிலையே விஸா விண்ணப்பதாரரின் நிலை.

இந்த வேலி அநாதி காலமாக இருந்து வருவதென்று எண்ணுவோர் உளர், அது தவறு. 1914-ல் மூண்ட மகாயுத்தத்துக்கு முன் ருஷ்யா, துருக்கி போன்ற சில ராஜ்யங்களைத் தவிர ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட்டு இல்லாமலே பிரயாணம் செய்யலாம். யுத்த காலத்தில் ஒற்றர்களுக்கு அஞ்சி இட்ட கட்டு யுத்தம் முடிந்தபின்னும் அவிழவில்லை. 1920-ல் சர்வதேச சங்கத்தார் பாரிஸ் நகரில் கூட்டிய மகாநாடு, அக்கட்டை அவிழ்ப்பதற்குப் பதிலாக, எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டுகளும் ஒரே மாதிரியாக இருக்க ஏற்பாடு செய்துவிட்டுக் கலைந்தது. தற்காலிகமென்று வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான்.

நம் தமிழ்நாட்டின் அநுபவமும் இதுவே. 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பல், எழும்பூரில் ரயிலேறியவரைக் கொழும்பில் கொண்டுபோய் இறக்கிற்று. தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்கு உட்பட நேர்ந்தது உண்மை. ஆயினும் பாஸ்போர்ட்டும் விஸாவும் எவரும் கேட்கவில்லை. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ம் வருஷத்தில் இயற்றிய குடிவரவுச் சட்டம் அடுத்த வருஷம் அமுலுக்கு வந்தது. அன்று முதல் பாக் ஜலசந்தி அந்நிய தேசத்தின் எல்லையாயிற்று. பெண் கொடுத்து, பெண் எடுத்து வாழ்ந்த இரு கரையாரும் ஒருவரையொருவர் பார்க்க விண்ணப்பம் எழுத வேண்டியவராயினர்.

விண்ணப்பம் எழுதுவதென்றதும் வேறொரு விஷயம் ஞாபகத்துக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் குடியேற்றத்தின் வெள்ளைக்காரர், இந்தியரை இந்தியரென்று சொல்லித் தடுத்தால் லண்டன் சர்க்கார் சம்மதியாதெனக் கண்டு, 1897-ல் தந்திரமான ஒரு சட்டம் செய்தனர். அதில் நிறத்தைப்பற்றி ஒரு சொல்லும் கிடையாது. வருகிறவர் ஏதேனும் ஓர் ஐரோப்பிய பாஷையின் எழுத்தில் ஒரு விண்ணப்பத்தைத் தாமே எழுதிக் கையொப்பமிட வேண்டும், அவ்வளவுதான். தமிழில் எவ்வளவு புலமையுடையவராயினும், ஐரோப்பிய எழுத்தறியாதவர் கரையேற முடியாது. இந்த உபாயத்தை 1901-ல் ஆஸ்திரேலியா மேற்கொண்டது. அங்கே அதிகாரி ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பகுதியை வாசிப்பார். வந்தவர் அதைப் பிழையின்றி எழுத வேண்டும். எந்த பாஷையில் வாசிப்பது என்பது அதிகாரியின் இஷ்டம். 1934-ல் எகான் கிஷ் என்ற எழுத்தாளரை உள்ளே விடக்கூடாதென்று எண்ணிய அதிகாரிகள், பல பாஷைகள் அறிந்த அவரை ஸ்காட்லாந்தின் கேலிக் பாஷையில் பரீட்சித்தனர். அந்த வேடிக்கையை ஆஸ்திரேலிய ஹைக்கோர்ட்டே ஏற்கவில்லை. எனினும் பரீட்சை 1958 வரையில் சட்டத்தில் இருந்தது.

கானடாவின் உபாயம் இன்னும் நுட்பமானது. பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் நில்லாமல், ஒரே டிக்கட்டில் வருபவரே இறங்கலாமென்று 1908-ல் விதித்தனர். இந்தியாவிலிருந்து அப்படி நேராகச் செல்லும் கப்பல் கிடையாது! அதோடு ஆசியாவிலிருந்து வருவோர் கையில் 200 டாலர் வைத்திருக்க வேண்டுமென்றும் கட்டளையிட்டனர். 1914-ல் குர்தித் ஸிங் அமர்த்திய கோமகாடா மாரு கப்பல் 376 இந்தியரைச் சுமந்துகொண்டு மே 23-ந் தேதி வான்கூவர் துறைமுகம் சேர்ந்தது. இரண்டு மாத காலம் கரை கண்ணுக்குத் தெரிய, கால் வைக்க இயலாமல் அவர்கள் கப்பலிலேயே கிடந்தனர். ஒரு சிலர் நீங்கலாக மற்றெல்லாரையும் ஜூலை 23-ந் தேதி திருப்பியனுப்பினர். செப்டம்பர் 29-ந் தேதி கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ்பட்ஜில் போலீஸார் சுட்டதில் அவர்களில் பலர் மாண்டனர். 2016 மே 18-ந் தேதி கானடாவின் பிரதம மந்திரி பார்லிமெண்டில் எழுந்து நின்று இதற்காக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வந்து சேர 102 வருஷங்களாயின.

இத்தகைய வேலிகளை எதிர்த்து நின்றவர்களில் தமிழ்ப் பெண்களும் இருந்தனர் என்பதை நம்மவர் மறக்கலாகாது. தென்னாப்பிரிக்காவில் 1913-ல் மகாத்மா காந்தி நடத்திய சத்தியாக்கிரகத்தில், மாகாண எல்லையை அநுமதியின்றிக் கடப்பதே போராட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அப்போராட்டத்தில் சிறை புகுந்த தில்லையாடி வள்ளியம்மை, ஜ்வரத்துடன் வெளிவந்து 1914 பிப்ரவரி 22-ந் தேதி பதினாறே வயதில் உயிர் நீத்தாள்.

அக்காலம் போய்விட்டது, நிறத்தைக் காரணமாகக் கூறும் சட்டம் இன்று எந்த நாகரிக தேசத்திலும் இல்லை. இதை நாம் மனமார ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அக்காலத்து உபாயங்களின் இயல்பைச் சற்று உற்று நோக்க வேண்டும். எவரையும் பெயர் சொல்லித் தடுக்காத ஒரு பொதுவான நிபந்தனையை விதித்து, அது யாருக்குத் தடையாக வேண்டுமோ அவருக்கு மட்டும் தடையாகும்படி செய்வதே அவற்றின் சாரம். அன்று பாஷை நிபந்தனையாக இருந்தது; தடைப்பட்டது நிறம். இன்று நிபந்தனையாக இருப்பது ‘திரும்பி வருவார் என்ற நம்பிக்கை.’ தடைப்படுவது யார்? ஏழையும், ஏழைக்குச் சற்று மேற்பட்டவரும்தான் என்று நாம் சொல்கிறோம்.

அமெரிக்காவின் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1952-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின் 214-ம் பிரிவு (பி) உட்பிரிவு, விஸா கோரும் அந்நியர் நிரந்தரமாகக் குடியேற வருபவரென்றே முதலில் அநுமானிக்கிறது. அப்படியல்லவென்று கான்ஸலேட்டு அதிகாரியின் மனம் திருப்தியடையும்படி ருஜுப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. சுற்றுலாவாகச் செல்பவரையும் மாணவரையும் இவ்விதி பிணிக்கிறது. ஒரு விஷயத்தைச் சாதிப்பவனே அதை ருஜுப்பிக்க வேண்டுமென்பது 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் முதல், 2024 ஜூலையில் அதன் ஸ்தானத்துக்கு வந்த புதிய சட்டம் வரையில் நாம் கற்ற பாடம். இங்கேயோ, ‘நீ தங்கிவிடுவாய்’ என்று சந்தேகிப்பவர் எதையும் ருஜுப்பிக்க வேண்டுவதில்லை. ‘தங்கமாட்டேன்’ என்று சொல்பவரே ருஜுப்பிக்க வேண்டும். அதுவும் எதை? நடந்த செய்கையையன்று, இனி நடக்கப்போவதைப்பற்றித் தம் மனத்தினுள் இருக்கும் எண்ணத்தை!

மனத்தைத் திறந்து காட்ட முடியாதாகையால் சொத்தைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. பாங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வீட்டுப் பத்திரம், வருமான வரி ரசீது, கல்யாணமாகியிருந்தால் அதற்கும் ஓர் அத்தாட்சி. இவையே ‘ஊரோடு பிணைக்கும் கயிறுகள்’ என்று அதிகாரிகள் கருதுகின்றனர். கிழக் கணவனைத் தனியே விட்டுவிட்டு மூன்று மாதம் மகளிடம் சென்று வர விரும்பும் தாய்க்கு, வீட்டு முற்றத்துத் துளசி மாடமும், ஐம்பது வருஷம் பழகிய தெருவும், சொந்தபந்தமும் கயிறுகளல்லவா? அவற்றை எந்தப் பத்திரத்தில் எழுதிக் காட்டுவது? கல்யாணமாகாத இளைஞன், வாடகை வீட்டுக்காரன், பத்திரமில்லாத குடியானவன், சம்பளச் சீட்டு இல்லாத கைத்தொழிலாளி ஆகிய இவர்கள் எவ்வளவு யோக்கியராயினும் யோக்கியதைக்கு ருஜு இல்லாதவர்கள். பெருந்தனவந்தனோ நாளையே தன் செல்வத்தைக் கடல் கடந்து கொண்டுபோகக் கூடியவன். அவனுக்குச் சந்தேகத்தின் பாரம் இலேசாக இருக்கிறது.

சில நிமிஷ நேரப் பேச்சில் இவ்வழக்கு முடிந்துவிடுகிறது. மறுத்தால் விண்ணப்பதாரர் கையில் ஓர் அச்சிட்ட கடிதம் வருகிறது. அதில் மேற்சொன்ன பிரிவின் எண் இருக்கும், அவரைப்பற்றிய தனிப்பட்ட காரணம் இராது. அப்பீல் கிடையாது. அமெரிக்கக் கோர்ட்டுகளும் கான்ஸலேட்டு அதிகாரியின் முடிவில் பொதுவாகத் தலையிடுவதில்லை. 2024 ஜூன் மாதத்தில் அந்நாட்டு ஸுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்த ஒரு வழக்கில், வாதி அமெரிக்கப் பிரஜையான ஒரு பெண்மணி. எல் ஸால்வடார் தேசத்தவரான அவருடைய கணவருக்கு விஸா மறுத்தனர். காரணம் கேட்டதற்குச் சட்டப் பிரிவை மட்டும் காட்டினர். வருஷங்கள் சென்று வழக்கு நடந்தபோதுதான் அவருடைய உடலிலிருந்த பச்சைக் குத்துகளும் சந்தேகத்துக்கு இடமளித்தமை வெளிவந்தது. கணவரை நாட்டினுள் அழைத்துக்கொள்ள மனைவிக்கு அரசியல் சட்ட உரிமை இல்லையென்று கோர்ட்டு முடிவு செய்தது. சொந்தப் பிரஜையின் கதி இதுவானால், திருநெல்வேலியிலிருந்து போன அந்நியரின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்விடத்தில் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளை மெச்ச வேண்டும். லக்ஸம்பர்க்கிலுள்ள ஷெங்கன் என்ற சிற்றூரில் 1985 ஜூன் 14-ந் தேதி கையெழுத்தான உடன்படிக்கையிலிருந்து வளர்ந்த இக்கூட்டத்தில் இன்று 29 நாடுகள் இருக்கின்றன. 2009-ல் இயற்றிய விஸாச் சட்டத்தொகுப்பின்படி, விண்ணப்பத்தைப் பொதுவாகப் பதினைந்து நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும், மறுத்தால் காரணத்தைக் குறிப்பிட்ட படிவத்தில் தெரிவிக்க வேண்டும், அப்பீலுக்கும் இடமுண்டு. ஓர் ஈரானியரின் வழக்கில் 2013 டிஸம்பர் 19-ந் தேதி ஐரோப்பிய நியாய ஸ்தலம், சட்டத்தில் கண்ட காரணங்களின்றி வேறு காரணங்களால் விஸா மறுக்கலாகாதென்று தீர்ப்பளித்தது. விண்ணப்பதாரர் திரும்பி வருவார் என்பதில் அதிகாரிக்குப் பூரண நிச்சயம் ஏற்பட வேண்டுவதில்லை. நியாயமான சந்தேகம் இல்லாதிருந்தால் போதும் என்றும் அது விளக்கிற்று. ஐரோப்பா இதனால் கெட்டுப்போய்விடவில்லை. காரணம் கூறுவதும், அப்பீல் தருவதும் தேசத்தின் பாதுகாப்புக்கு ஹானியென்று வாதிப்போருக்கு இதைவிடச் சிறந்த பதில் இல்லை.

இங்கிலாந்தோ எதிர்த் திசையில் நடந்திருக்கிறது. ‘சாம்ராஜ்யப் பிரஜை’ என்ற பட்டத்தை நமக்குச் சூட்டிய அத்தேசம், 1962-ம் வருஷத்துச் சட்டத்தால் காமன்வெல்த் நாட்டாரின் வரவுக்கு முதன்முதல் கட்டுவைத்தது; 1986-ல் இந்தியருக்கு விஸாவைக் கட்டாயமாக்கிற்று. உறவினரைப் பார்க்கச் செல்பவருக்கு விஸா மறுத்தால் அப்பீல் செய்யும் உரிமை முன்பு இருந்தது. 2013-ல் அதையும் எடுத்துவிட்டனர்.

இனி, பணத்தைப் பார்ப்போம். அமெரிக்கச் சுற்றுலா விஸாவின் விண்ணப்பக் கட்டணத்தை 2023 ஜூனில் 160 டாலரிலிருந்து 185 டாலராக உயர்த்தினர். ஷெங்கன் கட்டணத்தை 2024 ஜூன் 11 முதல் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்த்தினர். விண்ணப்பம் வாங்கும் தனிக் கம்பெனிக்குச் சேவைக் கட்டணம் வேறு. ஷெங்கன் விஸாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸும் வேண்டும். விஸா மறுக்கப்பட்டாலும் விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது. தாய், தந்தை இருவரும் விண்ணப்பித்து இருவரும் மறுக்கப்பட்டால், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஒரு மாத வருமானம் சில நிமிஷங்களில் கரைந்துபோகிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் செலவாகிறதென்பது மெய்யே. ஆனால் காரணம் சொல்லாத பரிசீலனைக்கு முழுக் கூலி வாங்குவது எந்த நியாயம்?

காலத்தின் செலவோ கட்டணத்தினும் பெரிது. 2022-ம் வருஷத்தின் பிற்பகுதியில், இந்தியாவிலிருந்து முதன்முறையாக அமெரிக்கச் சுற்றுலா விஸா கோருவோர் நேரில் விசாரிக்கப்படுவதற்கே 500 நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் பிறந்த குழந்தை தவழ்ந்து, நின்று, நடக்கவும் தொடங்கிவிடும்; பாட்டிக்கு அக்காட்சி கிட்டாது. நமது வெளிநாட்டு மந்திரி அவ்வருஷம் செப்டம்பரில் வாஷிங்டனில் இதை எடுத்துக் கூறினார். பின்னர் அதிக சிப்பந்திகளை நியமித்துத் தாமதத்தை ஓரளவு குறைத்தனர். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

தமிழருக்கென்று தனியாக ஒரு சங்கடமும் உண்டு. தந்தையின் பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் வைப்பது நம் வழக்கம். குடும்பப் பெயர் நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. மேல்நாட்டாரின் படிவமோ இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்கிறது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர் அமெரிக்கப் படிவத்தில் அதைக் குடும்பப் பெயராக எழுதி, சொந்தப் பெயருக்குரிய கட்டத்தில் ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமான ‘எப்.என்.யூ.’ என்ற மூன்றெழுத்துகளை இட வேண்டும். பெற்றோர் நல்ல நாளில் காதில் ஓதிய பெயர் தெரியாத பெயராகிவிட்டது! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு ராஜ்யம், ஒற்றைப் பெயருடன் சுற்றுலா விஸாவில் வருவோரை அநுமதிப்பதில்லையென்று அறிவித்து, தந்தையின் பெயர் பாஸ்போர்ட்டில் வேறிடத்தில் இருந்தால் போதுமென்று பின்னர் தளர்த்திற்று. உலகில் எல்லாரும் தம்மைப்போலவே பெயரிட்டுக்கொள்வதாக எண்ணிப் படிவம் அச்சிடுவோர், நேட்டாலில் விண்ணப்பம் அச்சிட்டவரின் மனப்பான்மையை முற்றிலும் விட்டுவிட்டவரல்லர்.

மறுபக்கத்தையும் பார்ப்பது நம் கடமை. தன் வாயிலைக் காக்க ஒவ்வொரு தேசத்துக்கும் உரிமை உண்டு; அதை நாம் மறுக்கவில்லை. குறித்த காலத்துக்குச் சென்று திரும்பாமல் தங்கிவிடுவோர் இருக்கின்றனர். அவர்களில் நம்மவரும் உண்டு. விஸா வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களை நம்பி, கடன் வாங்கிய பணத்தைச் சில மாதம் பாங்கியில் போட்டுக் காட்டுவதும், இல்லாத உத்தியோகத்துக்கு அத்தாட்சி தயாரிப்பதும், நடவாத கல்யாணத்துக்குப் பத்திரிகை அச்சடிப்பதும் நம் ஊர்களில் நடக்கின்றன. இவை வெறும் சாமர்த்தியமல்ல, மோசடி. அகப்பட்டால், அமெரிக்கச் சட்டப்படி வாழ்நாள் முழுவதும் அந்நாட்டு வாயில் அடைபடக்கூடும். இங்கிலாந்தில் பத்து வருஷத் தடை விழக்கூடும். தரகன் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். ஒருவர் செய்யும் பொய், பின்னால் வரிசையில் நிற்கும் நூறு யோக்கியர்மீதும் சந்தேகத்தைப் படரவிடுகிறது. ஆகையால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தெரியாத கேள்விக்குத் தெரிந்தவரைக் கேளுங்கள். பிறர் நிரப்பிய படிவத்தில் படித்துப் பாராமல் கையெழுத்திடாதீர்கள் என்று நம் வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம்.

பிறர் வாயிலைக் குறை கூறுமுன் நம் வாயிலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்நியரை வெளியேற்றுவதில் இந்திய சர்க்காரின் அதிகாரம் எல்லையற்றதென்று 1955-ல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் நம் ஸுப்ரீம் கோர்ட்டே கூறியிருக்கிறது. வெள்ளைக்காரர் இயற்றிய 1920, 1939, 1946-ம் வருஷங்களின் பழைய சட்டங்களை நீக்கி, 2025-ல் புதிய குடியேற்றச் சட்டம் செய்தோம். சர்க்காரின் விருப்பதிகாரம் அதிலும் குன்றவில்லை. 2010 ஏப்ரல் 16-ந் தேதி இரவு, கோலாலம்பூரில் நம் ஸ்தானிகராலயம் கொடுத்த விஸாவுடன் வைத்தியத்துக்காகச் சென்னை வந்திறங்கிய எண்பது வயது மூதாட்டி ஒருவரை, கீழே இறங்கவும் விடாமல் வந்த விமானத்திலேயே திருப்பியனுப்பினோம். அவர் எவருடைய தாயார் என்பது தமிழுலகம் அறிந்தது. மகனைப்பற்றி யார் என்ன அபிப்பிராயம் கொண்டாலும், நடக்க இயலாத கிழவியால் நாட்டுக்கு நேரும் அபாயம் என்ன என்பதற்கு விடை வேண்டும். அடுத்த வருஷம் அவர் வல்வெட்டித்துறையில் காலமானார். காரணம் கூறாத அதிகாரம் எந்த நாட்டுக் கொடியின்கீழ் இருந்தாலும் அதன் குணம் ஒன்றே.

ஆகவே நாம் கோருவதென்ன? வாயிலை இடித்துவிடுங்கள் என்று கோரவில்லை. விஸா மறுக்கப்பட்டவருக்கு, அவர் விஷயத்தில் மறுத்த காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதே ஆபீஸில் வேறோர் அதிகாரியேனும் அதை மறுபடி பார்க்க வழி வேண்டும். மறுத்தால் கட்டணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பித் தர வேண்டும். சாவு, கொடிய நோய் ஆகிய சமயங்களில் உறவினரின் விண்ணப்பத்தைச் சில தினங்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஒருமுறை சென்று ஒழுங்காகத் திரும்பி வந்தவரை மறுபடியும் சந்தேகத்துக்குரியவராக நடத்தலாகாது. இக்கடைசிக் கோரிக்கையில் ஒரு வெற்றி ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. மூன்று வருஷங்களுக்குள் இருமுறை விஸா பெற்று முறைப்படி உபயோகித்த இந்தியருக்கு இரண்டு வருஷ விஸாவும், அதன்பின் ஐந்து வருஷ விஸாவும் தரும் விதியை 2024 ஏப்ரல் 18-ந் தேதி ஐரோப்பிய கமிஷன் ஏற்றுக்கொண்டது. யோக்கியனுக்கு அவன் நடத்தையே ருஜுவாகட்டும் என்ற தத்துவம் இதுதான். சொத்தைப் பார்ப்பதைவிட நடத்தையைப் பார்ப்பது நேர்மையானதும் சுலபமானதும் ஆகும்.

இவற்றை நம் சர்க்கார் ஒவ்வொரு வியாபார உடன்படிக்கையின்போதும் மேஜைமீது வைக்க வேண்டும். சரக்குகளுக்குச் சுங்கத்தைக் குறைக்கும்படி மாதக்கணக்கில் வாதாடுகிறார்கள். சரக்கை நெய்தவனும், அவனைப் பெற்றவளும் கடல் கடக்கும்போது படும் சிறுமையைப்பற்றியும் அதே ஊக்கத்துடன் வாதாடலாம். வாதாடுமுன், நாம் பிறரிடம் கேட்கும் காரணத்தையும் அப்பீலையும் நம்மிடம் வருகிற அந்நியருக்கும் சட்டத்தால் அளிக்க வேண்டும். அப்படி அளித்த தேசத்தின் சொல்லுக்கு உலக சபைகளில் எடை அதிகம். வந்தாரை வாழவைத்ததாகப் பெயர் பெற்ற நாடு நம்முடையது. அந்தப் பெயரை நம் வாயிலில் மெய்ப்பித்துவிட்டு, பிறர் வாயிலில் தலை நிமிர்ந்து நின்று நியாயம் கேட்போமாக.